ஹஜ்ஜுப் பயணமும் கடும் வெயிலும்
(ஹாஜிகள் வழியனுப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! புறப்படவிருக்கும் நம் ஹாஜிமார்களிடம் வெயிலைப் பற்றி மட்டும் சில சொற்கள் கூற விழைகிறோம்.

2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்கா ஹரம் ஷரீஃபில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியசை எட்டியது. 1,300-க்கும் மேற்பட்டோர் வஃபாத்தாயினர். அவர்களுள் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, தங்குமிடமின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது.

குடை பிடித்தால் இஹ்ராமுக்குக் குறை என நம்மில் சிலர் தயங்குகின்றனர். ஆண்கள் தலையை ஒட்டி மூடுவதே தடை. ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் இரண்டிலும் குடை கூடும். நபி (ஸல்) அவர்கள் தமது ஹஜ்ஜில் கல்லெறியும் வரை, பிலால் (ரலி), உஸாமா (ரலி) இருவரில் ஒருவர் துணியை உயர்த்தி நிழல் கொடுத்தார்களே! அரஃபாவிலும் ஜபலுர் ரஹ்மத்தில் ஏறியே ஆக வேண்டுமென்பதில்லை. எல்லைக்குள் கூடாரத்தில் தங்கி துஆச் செய்தாலும் கடமை நிறைவேறும்.

முதியோருக்குத் தாகம் எளிதில் தோன்றாது. கேட்கும்வரை காத்திராமல் தண்ணீர் கொடுங்கள். இன்சுலினை வெயில் படாமல் வையுங்கள். உடன் வருபவரின் உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெறும் களைப்பன்று. உடனே மருத்துவ உதவிக்கு ஆளனுப்பி, நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தவறியவருக்கு ஜம்ஜமேயாயினும் வாயில் புகட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.