கடைசி பெஞ்சுக்குத் தெரிந்த வேதியியல்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க மறுகூடல் விழாவில், "இன்றைய வகுப்பறையில் கற்பித்தல்" என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் வேதியியல் ஆசிரியராக இருந்து, 2019-இல் ஓய்வு பெற்றவன் நான். அதே ஆண்டுதான் நம்ம வேலூர் மாவட்டமும் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. மாவட்டம் மாறினாலும் தோல் வாசனை மாறவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை!

கற்பித்தல் முறைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். புத்தகத்தில் இருப்பதை நீங்களே படித்துக்கொள்ளலாம். நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அதிலிருந்து கற்றதுதான் எனக்குத் தெரிந்த கற்பித்தல் முறை.

1991 என்று நினைவு. பிளஸ் ஒன் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன். பள்ளி விட்டதும் தோல் மண்டிக்கு உப்பு உதறப் போவான். சட்டையில் அந்த வாடை இருக்கும். பக்கத்தில் உட்காரப் பையன்கள் முகம் சுளிப்பார்கள். ஒருநாள் அவனை எழுப்பி, "பினால்ப்தலீன் காரக் கரைசலில் என்ன நிறம் காட்டும்?" என்று கேட்டேன். நின்றான். வாய் திறக்கவில்லை. ஒரு நொடிகூட நான் பொறுக்கவில்லை. "உட்காருடா. உனக்கெல்லாம் எதுக்கு கெமிஸ்ட்ரி? பேசாம தோல் ஷாப்புக்கே போ" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவன் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்தேன். வீட்டுக்கு ஆள் அனுப்பிக்கூட விசாரிக்கவில்லை.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் பற்றிய தீர்ப்பை வழங்கியது உங்களுக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று நம் ஊர்ப் பாலாற்றை வைத்துச் சொன்ன தீர்ப்பு, இன்று நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம். அதற்கு அடுத்த ஆண்டு, சுத்திகரிப்பு எப்படி நடக்கிறது என்று காட்டப் பிளஸ் டூ மாணவர்களை ஒரு தோல் ஷாப்புக்கு அழைத்துப் போனேன்.

அங்கே டிரம் பக்கத்தில் ஒரு இளைஞன். சுண்ணாம்பு நீக்கிக்கொண்டிருந்த டிரம்மை நிறுத்தி ஒரு தோலை வெளியே இழுத்தான். கழுத்துப் பக்கம் தடிப்பான இடத்தில் கத்தியால் ஒரு கீறு. வெட்டின இடத்தில் ஒரு சின்ன பாட்டிலிலிருந்து சொட்டு விட்டான். நடுவில் மட்டும் இளஞ்சிவப்பாக ஒரு கோடு.

"ஓரத்துல சுண்ணாம்பு போயிடுச்சு. நடுவுல இன்னும் நிக்குது. கொஞ்ச நேரம் ஓடணும்" என்று என் மாணவர்களிடம் விளக்கினான். அப்புறம் என்னைப் பார்த்து, "சார், நல்லா இருக்கீங்களா?" என்றான்.

அந்தப் பையன்தான்.

"சார், நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே, அது இதுதான் சார். சின்ன வயசுல அப்பாவோட வந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். நாங்க 'மருந்து'ன்னுதான் சொல்லுவோம். அதுக்கு அந்தப் பேருன்னு எனக்குத் தெரியாது சார்."

குறையாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். டீ வாங்கிக் கொடுத்தான். அந்த டீ என் தொண்டையில் இறங்கவில்லை. என் வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்தவர்களுக்குப் பினால்ப்தலீன் என்ற பெயர் தெரியும். அது எதற்குப் பயன்படுகிறது என்று கண்ணால் கண்டவன் இவன் ஒருவன்தான். நான் பெயரைக் கேட்டு அவனை அனுப்பிவிட்டேன்.

நண்பர்களே, அதற்குப் பிறகு என் வகுப்பில் சில மாற்றங்கள் செய்தேன். மாணவச் செல்வங்களில் நாளை பி.எட். படிக்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பாடம் தொடங்கும் முன் பத்து நிமிடம் நான் பேச மாட்டேன். "சுண்ணாம்பை எங்கெல்லாம் பார்த்திருக்கீங்க?" என்று கேட்பேன். ஒருவன் வெற்றிலையைச் சொல்வான், ஒருவன் சுவரைச் சொல்வான், ஒருவன் தோல் தொட்டியைச் சொல்வான். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்து முடியை ஏன் உதிர்க்கிறது என்பதில் தொடங்கி, பிறகு பி.எச்., அமிலம், நடுநிலையாக்கல் என்று போவோம். பியூரெட்டைக் கையில் எடுக்கும்போது அது அந்நியப் பொருளாக இருக்காது. மாணவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கு என்று டேவிட் ஆசுபெல் என்ற உளவியலாளர் 1968-லேயே எழுதியிருக்கிறார். நம் அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லித் தருவதும் இதே வழிதான். தொடக்கப் பள்ளிக்குப் பொருந்துவது மேல்நிலைப் பள்ளிக்குப் பொருந்தாதா?

இரண்டாவது, காத்திருப்பது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான்! அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன. வாயே திறக்காத பிள்ளைகள் பேசுகிறார்கள். நம் ஊர் வகுப்பில் இது இன்னும் முக்கியம். வீட்டில் உருது, தெருவில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம். சில வீட்டில் தெலுங்கு. கேள்வியை மனசுக்குள் மொழிபெயர்க்கவே அந்தப் பிள்ளைக்கு மூன்று நொடி வேண்டும். நான் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவேன். பழகும் வரை அந்த மூன்று நொடி மூன்று மணி நேரம் மாதிரி இருந்தது! பதில் எந்த மொழியில் வந்தாலும் சரி. பக்கத்துப் பையன் தமிழில் சொல்லட்டும், அப்புறம் கலைச்சொல்லை நான் சொல்கிறேன்.

மூன்றாவது, பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை ஐந்து வரி எழுதச் சொல்வேன். மதிப்பெண் கிடையாது, பெயரும் வேண்டாம். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். தேர்வுக்கு முந்தின ராத்திரி பத்துத் தடவை படிக்கும் மாணவச் செல்வங்களே, கவனிக்க!

இந்த முறையில் தர்மசங்கடமும் உண்டு. ஒருமுறை மாணவர்களை வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு. சில குழாய்களில் லேசான வெண்மை, சிலவற்றில் தயிர் மாதிரி. குளோரைடு, அதாவது உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் சுமார் 40 சதவீதம் உப்பு போடுகிறார்கள். ஊற வைக்கும்போது அது தண்ணீரில் கரைந்து வருகிறது என்று விளக்கினேன். ஒரு மாணவி எழுந்தாள். "சார், அப்ப தோல் ஷாப்பை மூடிட்டா எங்க அம்மா ஷூ கம்பெனி வேலையும் போயிடுமே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். பின்னால் இருந்து ஒரு பையன், "மூட வேணாம் சார். தண்ணியில போடறதுக்கு முன்னாடியே உப்பை நல்லா உதறி எடுத்துட்டா, அவ்வளவு உப்பு ஆத்துக்குப் போகாதே" என்றான். அவன் அண்ணன் செய்யும் வேலை அது. உடனே ஆளாளுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்: நூறு கிலோ தோல், நாற்பது கிலோ உப்பு, கால் பங்கு உதறினால் பத்துக் கிலோ மிச்சம். அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இன்று எல்லாப் பிள்ளைகள் கையிலும் செல்போன் இருக்கிறது. பினால்ப்தலீன் என்ன நிறம் என்று கேட்டால் அது அரை நொடியில் சொல்லும். என்னைவிட அவசரக்காரன்! பெயரும் விடையும் இவ்வளவு மலிவான பிறகு ஆசிரியர் எதற்கு? கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் நிற்பவனுக்கு என்ன தெரியும் என்று பொறுத்திருந்து கேட்பதற்குத்தான்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் தோல், ஷூ தொழிலில் பெரிய நிலையில் இருக்கிறீர்கள். பள்ளிக்கு பெஞ்சும் மின்விசிறியும் தருகிறீர்கள், மகிழ்ச்சி. அதோடு, ஆண்டுக்கு ஒருநாள் உங்கள் லேபைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். உங்கள் டிரம் ஆபரேட்டரை ஒரு மணி நேரம் வகுப்புக்கு அனுப்புங்கள். தன் அப்பா கரும்பலகை முன் நின்று பேசுவதைப் பார்க்கும் பிள்ளை, படிப்பை விடுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கும்.

அந்தப் பையன் பிறகு படிக்கவில்லை. நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்தான். ஆனால் கெமிஸ்ட் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். அவன் மகளைப் பிளஸ் ஒன்னில் என்னிடமே கொண்டுவந்து சேர்த்தபோது, "பேசறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கும் சார்" என்று மட்டும் சொன்னான்.

எடுத்துக்கொண்டாள். நானும் காத்திருந்தேன்.