நுண்ணுயிரை அளக்கும் கலை

நுண்ணோக்கியை நீங்கள் யாவரும் அறிவீர்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ அதில் கண்ணைப் பதித்து வெங்காயத் தோலையாவது பார்த்திராதவர்கள் சிலரே இருப்பர். ஆகையால் ஆரம்பப் பாடங்களை விட்டுவிட்டு, அதன் வழியே காணும் ஜீவன்களை அளப்பது என்ற, இக்காலத்தில் பெரிதும் அலட்சியத்துக்கு உள்ளான கலையைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

ஒரு பாக்டீரியாவின் படத்தைக் காட்டுகிறவரிடம் அது எவ்வளவு பெரியது என்று கேட்டால், ‘ஆயிரம் மடங்கு பெரிதாக்கிய படம்’ என்கிறார். அது விடையாகாது. அப்படத்தைச் சுவரில் விழச் செய்தால் மடங்கு ஏறிவிடும். புத்தகத்தின் ஓரத்தில் சிறிதாக அச்சிட்டால் இறங்கிவிடும். அந்த உயிரோ இருந்த அளவிலேயே இருக்கும். பெருக்கிக் காட்டுவது வேறு, அளப்பது வேறு.

இதை முதன்முதலில் நெஞ்சில் வாங்கிக்கொண்டவர் என்று நான் போற்றுவது ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரியான ஆண்டனி வான் லீவன்ஹூக்கை. 1632இல் பிறந்து 1723 வரை வாழ்ந்த அம்மனிதர், சர்வகலாசாலை வாசலை மிதியாமல், தாமே தேய்த்த சிறு வில்லையை இரு உலோகத் தகடுகளுக்கிடையே பொருத்தி, ஊசிமுனையில் பொருளை நிறுத்திப் பார்த்தார். அவரிடம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் இல்லை, கோடு கிழித்த கண்ணாடி இல்லை. ஆயினும் ‘மிகச் சிறியது’ என்று சொல்லி அவர் ஓய்ந்துவிடவில்லை. மணற்பொடி, தலைமயிர், பேனின் கண் ஆகியவற்றையே பிரமாணங்களாகக் கொண்டார். 1674ஆம் ஆண்டில் இரத்தத்தின் செவ்வணுக்களைக் கண்டு, மென்மணலின் ஒரு பொடியைவிட அவை இருபத்தையாயிரம் மடங்கு சிறியவை என்று கணித்தார். இது கன அளவில் சொன்ன கணக்கு. குறுக்களவில் ஏறத்தாழ இருபத்தொன்பது மடங்கு. அம்மணலை அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு என்று கொண்டால், செவ்வணுவுக்குக் கிடைப்பது 8.7 மைக்ரான், இன்று நாம் சொல்வது ஏழு அல்லது எட்டு. மணலைக் கொண்டு இவ்வளவு நெருங்கிய கண்ணை எண்ணி நான் வியக்காத நாளில்லை. ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கில வைத்தியர் பின்னர் வேறொரு யுக்தி செய்தார். மெல்லிய வெள்ளிக் கம்பியை ஓர் ஊசியின்மேல் இடைவெளியின்றிச் சுற்றி, குறித்த நீளத்தில் எத்தனை சுற்று என்று எண்ணிக் கம்பியின் பருமனை அறிந்து, அதைத் துண்டுகளாக்கி இரத்த அணுக்களோடு சேர்த்துப் பார்த்தார். துண்டுகள் சிலவற்றை லீவன்ஹூக்குக்கும் அனுப்பிவைத்தார்.

இன்றைய முறையும் அந்த வழி வந்ததே. கண்வில்லைக்குள் இடும் வட்டக் கண்ணாடியில் உள்ள கோடுகளுக்குத் தமக்கென்று ஓர் அளவு கிடையாது. மேடையில் வைக்கும் மைக்ரோமீட்டரில்தான் ஒரு மில்லிமீட்டர் நூறாகப் பகுக்கப்பட்டு, பிரிவுக்குப் பத்து மைக்ரான் என்று நிற்கிறது. இரண்டையும் இணையாகத் திருப்பி, இடக்கோடிகளைப் பொருத்தி, வலப்புறம் வெகுதூரத்தில் எங்கே மறுபடி கோடும் கோடும் கூடுகின்றன என்று பார்க்க வேண்டும். கோட்டுக்கும் தடிப்பு உண்டாகையால், இடவிளிம்பிலிருந்து இடவிளிம்பு வரை அளப்பதே முறை. கண்வில்லையின் நாற்பது பிரிவுகள் மேடையின் பத்துப் பிரிவுகளோடு கூடினால், ஒரு பிரிவு 2.5 மைக்ரான். ஆனால் பொருள்வில்லையை மாற்றினால் இந்தக் கணக்கு செல்லாது. ஒவ்வொரு பொருள்வில்லைக்கும் தனித்தனியாகக் காண வேண்டும். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, மிகுந்த சிரத்தையுள்ளவள், ஈஸ்ட் அணு முப்பது மைக்ரான் என்று எழுதிக்கொண்டு வந்தாள். அணு மூன்று பிரிவுகளை அடைத்திருந்தது உண்மை. அவள் பெருக்கியதோ, பத்து மடங்குப் பொருள்வில்லைக்குக் கண்ட பத்து மைக்ரானால். பார்த்ததோ நாற்பது மடங்கில். சரியான விடை ஏழரை. இருவருமாக மறுபடி உட்கார்ந்து கோடுகளைப் பொருத்தியபோது அவள் முகம் மலர்ந்தது.

படத்தின் மூலையில் அளவுக்கோட்டைத் தானே வரைந்துவிடும் காமிராக்கள்மீது இப்போது எல்லோருக்கும் மோகம். எவரோ என்றோ புகுத்திய அளவையே அது நம்புகிறது. பொருள்வில்லையை மாற்றிவிட்டு அதனிடம் சொல்லாமல் இருந்தால், பிழையான கோட்டையும் அழகாகவே வரையும். அன்றியும், உலர்த்திச் சூடுகாட்டிச் சாயமேற்றிய பாக்டீரியா சுருங்கியிருக்கும். ஈரத்தில் உயிரோடு இருப்பதை அளப்பதையே நான் விரும்புகிறேன். சாயம் வேண்டுமானால் பின்புலத்தை மட்டும் கருக்கும் நிக்ரோசின் போதும். ஒளிக்கும் எல்லை உண்டு, 0.2 மைக்ரானைவிட நெருங்கிய இரு புள்ளிகளை எண்ணெய் வில்லையும் பிரித்துக் காட்டாதாகையால், அதன் கீழ் எழுதும் தசமங்களுக்கு மதிப்பில்லை. மீண்டும் சொல்கிறேன்: பெருக்கிக் காட்டுவது வேறு, அளப்பது வேறு.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மேடை மைக்ரோமீட்டரை வாங்கி வையுங்கள். ஒவ்வொரு பொருள்வில்லைக்கும் கண்ட அளவைச் சிறு சீட்டில் எழுதி, நுண்ணோக்கியின் அடியிலேயே ஒட்டிவிடுங்கள்.