பிழைத்தவர்களின் கதை

உளவியல் ஆராய்ச்சியில் அடியெடுத்து வைத்திருக்கும் மாணவச் செல்வங்களே!

நம் கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற திருநாமத்தோடு கோயில்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கொடிய வியாதி இந்நகரை வாட்டியபோது, 1901-இல் 53,080 ஆக இருந்த ஜனத்தொகை 1911-இல் 47,007 ஆகக் குறைய, நம் முன்னோர் தம் அச்சத்தையெல்லாம் அன்னையின் திருவடியில் வைத்து மன்றாடினார்கள். தலைக்கணக்கு சர்க்கார் ஏடுகளில் ஏறிற்று. ஆனால் எஞ்சி நின்ற வாலிபர்களின் உள்ளத்தில் அந்த ஆண்டுகள் எதை விதைத்துச் சென்றன என்று கேட்டு எழுதும் வழக்கம் அன்று இல்லை.

நம் காலத்துக் கொள்ளைநோயான கொரோனாவில் அக்குறை நேரலாகாது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக் கதவு, எட்டாம் வகுப்புக்கு உட்பட்ட சிறுவர்களுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. இடையே, அவ்வாண்டு மே மாத இறுதியில், நம் மாவட்டத்தின் தினசரித் தொற்று சென்னையையே மிஞ்சியது. கைபேசியே வகுப்பறையான அந்நாட்களில், அக்கருவியும் வாய்க்காமல் விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்த பிள்ளைகளும் உண்டு.

2020-இல் மட்டும் உலகெங்கும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் சுமார் 5.3 கோடியும், பதற்றநோய்க்கு ஆளானவர்கள் 7.6 கோடியும் அதிகரித்தனர் என்றும், பெண்களும் இளைஞர்களுமே பெரிதும் வருந்தினர் என்றும் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணித்தது. அது முதலாண்டின் கணக்கு. நெடுங்கால விளைவை அறிய வேண்டுமானால், அதே இளைஞரை ஆண்டுதோறும் தேடிச் சென்று கேட்கும் சிரத்தை வேண்டும். குடும்பத்தின் கடன், தந்தையின் வேலையிழப்பு, வீட்டில் நேர்ந்த மரணம் ஆகியவற்றையும் விசாரித்து, எது எதனால் விளைந்தது என்று பகுத்தறியும் நிதானமும் வேண்டும்.

அதைவிட முக்கியமாக, காது வேண்டும். சோமனூர்த் தறிக்கூடத்தில் நிற்கும் ஒரு பெண்ணிடம் வினாத்தாளை நீட்டி, மனச்சோர்வு உண்டா என்று கேட்டால் இல்லையென்பாள். பக்கத்தில் அமர்ந்து, எப்படி இருக்கிறாய் அம்மா என்று கேட்டால், "ஒண்ணுமே புடிக்கலைங்க, ராத்திரி தூக்கமே வரலைங்க" என்பாள். அந்தச் சொல்லுக்கு உங்கள் ஆராய்ச்சியில் இடம் இருக்கட்டும். அவள் சம்மதமின்றி எதையும் எழுதாதீர்கள், பெயரை மறையுங்கள், புண்ணைக் கிளறிவிட்டுக் குறிப்பேட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அவள் கையில் எழுதிக் கொடுத்துவிட்டு, மறுமுறையும் போய்ப் பாருங்கள்.

இன்னும் நூறாண்டு கழித்து இந்நகரத்து மாணவன் ஒருவன் நம் காலத்தை அறிய விரும்பி உங்கள் ஏட்டைப் புரட்டும்போது, எத்தனை பேர் மாண்டார்கள் என்பதோடு, பிழைத்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் அவன் படிக்கட்டும்.