விடிந்த பிறகு கூவாகம்

என்னைவிட இந்த இருக்கைக்கு உரியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கையில் தலைமை தாங்குவது கூச்சமாகத்தான் இருக்கிறது. ‘துக்க நாள்கள்: அன்றும் இன்றும்’ என்ற தலைப்பில் நடுகல் முதல் நீத்தார் கடன் வரை நீங்கள் அறிந்ததை நான் ஒப்பிக்கப் போவதில்லை. கல்வராயன் மலை தெரியக் கூடியிருக்கிறோம். இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டை வட்டத்தில்தான், பாரதக் கதையில் களப்பலியான அரவானுக்காகத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அழும் கூவாகம். அங்கேயே போய்விடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் என் மதிப்புக்குரிய மூத்தவர் ஒருவர், பெயர் வேண்டாம், இப்படி முடித்தார்: “அரவான் மரத்தலை. அடுத்த சித்திரையில் மறுபடி மாப்பிள்ளை. ஆகவே அது ஒப்பாரி அல்ல, ஒப்பனை.” அவை சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆண்டுதோறும் திரும்புவதால் ஒரு துக்கம் ஒப்பனையாகிவிடுமா? கி.பி. 70இல் இடிந்த எருசலேம் ஆலயத்துக்காக யூதர்கள் இன்றும் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் உண்ணாமல், தோல் செருப்பு அணியாமல், தரையில் உட்கார்ந்து, தமிழ் விவிலியம் ‘புலம்பல்’ என்றழைக்கும் நூலைப் படிக்கிறார்கள். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட துயரையும் அதே நாளில் ஏற்றிக்கொண்டார்கள். அந்த ஆலயத்தைக் கண்டவர் எவருமில்லை. அதை ஒப்பனை என்பாரா நம் மூத்தவர்?

கூவாகத்தில் அவர் கண்டது தாலி கட்டும் இரவை மட்டுமே. மறுநாள் அரவானின் தேர் பலிக்களமான அழிகளம் போகிறது. தாலி அறுகிறது, வளையல் உடைகிறது, பூவும் குங்குமமும் போகின்றன. குளித்து வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். நேர்த்திக்கடனாகத் தாலி கட்டி அறுக்கும் சுற்றூர் ஆண்களை நம் கட்டுரைகள் கண்டுகொள்வதே இல்லை.

களப்பலி வியாசரில் உண்டா, பெருந்தேவனார் பாரத வெண்பாவில் உண்டா என்று மூலத்தைத் துருவிய நாம், அழுகிறவர் வாயிலிருக்கும் பாட்டைக் கேட்கவில்லை. எந்த இழவு வீட்டிலும் ஒப்பாரி பிணத்தோடு நிற்பதில்லை. பாடுகிறவள் தன் பிறந்த வீட்டுக் குறையையும் அங்கேதான் கொட்டுகிறாள். பெற்றவள் சாவுக்குக்கூட வாசற்படி ஏற விடப்படாத திருநங்கை, அழுவதற்கு வேறு எந்தக் களத்துக்குப் போவாள்? அரவான் பேரில் அவள் அழுவது அவனுக்காக மட்டுமா?

நாம் கேட்காத ஒப்பாரி கூவாகத்தோடு நிற்கவில்லை. 2024 ஜூனில் இதே கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் சுற்றூர்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பேச்சு உடனே மலையேறி, கல்வராயன் மலை ஊறல்களைத் தேடியது; மெத்தனாலோ ஆலைச் சரக்கு. கருணாபுரத் தெருவில் எழுந்த ஒப்பாரியைப் பற்றி இம்மாநாட்டுக்கு ஒரு கட்டுரையும் வரவில்லை.

அடுத்த சித்திரையில் கூவாகம் போகிறவர்கள், திரும்பும் பேருந்தை மறுநாள் மாலைக்குப் பதிவு செய்யுங்கள். அழுகிறவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் ஒலிப்பதிவு செய்யுங்கள். முதல் அமர்வு தொடங்கலாம்.