உதவி பண்ணாம உக்காருங்க
5 பேரை வச்சு டெஸ்ட் பண்ணா போதும்னு போன எபிசோட்ல சொன்னேன். நிறைய பேர் நம்பல. ஜேக்கப் நீல்சன் 2000-ல எழுதின கணக்கு அது: 5 பேர்லயே ஏறக்குறைய 85 சதவீதச் சிக்கல் வெளிய வந்துடும். ஆனா, நாம வாயைத் திறக்காம இருந்தாதான்.

என் முதல் டெஸ்ட்ல அதைத்தான் கெடுத்தேன். பில் கட்டுற ஆப். 50 வயசு அக்கா ஒருத்தங்க. "போன மாச ரசீதை எடுங்க"ன்னு மட்டும் சொன்னேன். மூணு கோடு மெனுவை அவங்க தொடவே இல்ல. ஏதோ அலங்காரம்னு நினைச்சிருக்காங்க. எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தாங்கல. "மேல, இடது பக்கம் பாருங்க"ன்னுட்டேன். அங்கேயே டெஸ்ட் முடிஞ்சுபோச்சு. "எனக்குத்தான்பா இதெல்லாம் தெரியாது"ன்னாங்க. கடைசியில ஆப் எப்படின்னு கேட்டா, "ரொம்ப நல்லா இருக்கு!"

அந்தப் பதிலை நம்பி ரிப்போர்ட் எழுத முடியாது. விரல் எங்க தயங்கிச்சோ, அதுதான் டேட்டா.

இப்பல்லாம் ஆரம்பத்துலயே சொல்லிடுவேன்: "சோதிக்கிறது உங்களை இல்ல, ஆப்பை. மனசுல ஓடுறதைச் சத்தமா சொல்லிக்கிட்டே செய்யுங்க." "இதை அழுத்தலாமா?"ன்னு கேட்டா, "நான் இங்க இல்லேன்னா என்ன செய்வீங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க. அப்புறம் மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. எனக்கு இன்னிக்கும் ஏழு வரும்போதே நாக்கு துறுதுறுங்கும்.