வழி அறியும் பிள்ளைகள்

(நமது ஜமாஅத்தின் கல்விப் பரிசளிப்பு விழாவில், பரிசு பெற்ற மாணவி ஒருவரின் தந்தை ஆற்றிய உரை)





தேசிய மாணவர் படையின் முகாமில் வரைபடம் வாசித்தல் போட்டியில் என் மகள் முதலிடம் பெற்றாள் என்பதற்காக இந்த மேடையில் இன்று அவளுக்குப் பரிசு வழங்கினீர்கள். எல்லாப் புகழும் இறைவனுக்கே. "அது என்ன போட்டி?" என்று பலரும் என்னிடம் கேட்டார்கள். ஆகவே முதலில் அதை விளக்கிவிடுகிறேன்.

உலக அளவில் இதனை ஓரியன்டீரிங் என்று அழைக்கிறார்கள். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. காட்டிலும் மேட்டிலும் குறியிடங்கள் மறைவாக வைக்கப்பட்டிருக்கும். அவற்றை வரிசை தவறாமல் கண்டறிந்து, அங்குள்ள அடையாளத்தைப் பதிவு செய்துகொண்டு, விரைவாகத் திரும்ப வேண்டும். ஒருவர் பின்னால் ஒருவர் ஓடிவிடக் கூடாது என்பதற்காக இடைவெளி விட்டே அனுப்புவார்கள். எவ்வளவு வேகமாக ஓடினாலும், ஒரு குறியிடத்தைத் தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் வராது. 1897ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று நார்வே நாட்டில் பொதுமக்களுக்கான முதல் போட்டி நடந்தது. 1961இல் இதற்கென உலகச் சம்மேளனம் உருவாயிற்று. பள்ளி மாணவர்களுக்கென்றே உலகப் போட்டிகளும் நடைபெறுகின்றன.

நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இக்கலை பெரும்பாலும் தேசிய மாணவர் படை வழியாகவே கிடைக்கிறது. 1948இல் தொடங்கப்பட்ட அப்படையில், மறு ஆண்டே மாணவியர் பிரிவும் ஏற்பட்டது. டில்லியில் நடைபெறும் தல் சைனிக் முகாமில் துப்பாக்கி சுடுதல், தடை தாண்டுதல் ஆகியவற்றோடு வரைபடம் வாசித்தலும் ஒரு போட்டியாகும். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். கட்டங்களின் எண்களைக் கொண்டு ஓர் இடத்தை ஆறு இலக்கங்களில் குறித்தால், நூறு மீட்டர் அளவிற்கு அது எங்கே உள்ளது என்று சொல்லிவிடலாம். சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்தான சரிவு, விலகியிருந்தால் சமவெளி. மேற்கே பொதிகை மலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும் அக்கோடுகள், தாமிரபரணி நம் வயல்வெளிக்கு இறங்கி வரும்போது அகன்று போவதை என் மகள் விரல் வைத்துக் காட்டினாள். ஐம்பது ஆண்டுகளாக இந்த ஆற்றில் குளித்தவன் நான். ஆறு ஏன் இப்படி வளைந்து செல்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பெரியோர்களே, மற்ற விளையாட்டுகளில் பெற்றோர் ஓரமாக நின்று கைதட்டலாம். "ஓடு, ஓடு" என்று உற்சாகப்படுத்தலாம். இதில் அதற்கு இடமில்லை. பிள்ளை புறப்பட்ட சில நிமிடங்களில் கண்ணுக்கு மறைந்துவிடும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. திரும்பி வரும் வரை காத்திருப்பதும் துஆச் செய்வதும் மட்டுமே நம்மால் ஆகக்கூடியவை.

சென்ற ஆண்டிற்கு முந்தைய ஆண்டு நடந்த போட்டியில் அவள் மூன்றாம் இடமே பெற்றாள். ஒரு குறியிடத்தை அவளால் எளிதில் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிரே வந்த தோழி ஒருத்தி, இரக்கப்பட்டு, அங்கிருந்த எண்ணைச் சொல்ல முன்வந்திருக்கிறாள். கேட்டு எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இவளோ அதைக் காதில் வாங்காமல், கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்திற்கே திரும்பிச் சென்று, பாகையை மீண்டும் அளந்து, அந்த இடத்தைத் தானே கண்டறிந்திருக்கிறாள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. வீட்டிற்கு வந்து இதை அவளாக எங்களிடம் சொல்லவில்லை. அந்தத் தோழியின் தாயார் வழியாகவே அறிந்தோம். இன்று நீங்கள் தந்த முதல் பரிசைவிட, அந்த மூன்றாம் இடமே என் உள்ளத்தை நிறைத்தது.

பெருமை என்ற சொல்லை இந்த இடத்தில் நான் அச்சத்தோடுதான் பயன்படுத்துகிறேன். பெருமையடித்தல் நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதைப் பள்ளிவாசல் வளாகத்தில் நின்று நான் சொல்லத் தேவையில்லை. அவள் ஓடிய ஓட்டத்தில் என் பங்கு ஏதுமில்லை. பிள்ளை அமானிதம், அந்த அமானிதம் நாம் பார்க்காத இடத்திலும் நேர்மையாக நடந்துகொண்டது என்பதற்காக நன்றி செலுத்துவதே என் கடமை.

திசை அறியும் கலை நமக்குப் புதியதன்று. கஸ்னியில் வாழ்ந்த அறிஞர் அல்பிரூனி, ஊர்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கணித்துக் கிப்லாவை அறியும் முறையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அல்இத்ரீஸி 1154இல் சிசிலி மன்னருக்காக உலக வரைபடம் வரைந்தார். நம் தமிழகத்து ஆற்காட்டைச் சேர்ந்த சையித் மீர் முஹ்சின் ஹுசைன், எவரெஸ்ட் காலத்து நில அளவைக்குரிய நுண்கருவிகளைச் செப்பனிட்டுப் புகழ் பெற்றார். நாம் பேச்சுவழக்கில் மேற்கையே கிப்லா என்கிறோம். நெல்லையிலிருந்து கணக்கிட்டால், நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே சாய்ந்து நிற்கிறது கிப்லா. மொட்டை மாடியில் திசைகாட்டியை வைத்து என் மகள் இதனைத் தன் தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"பெண்பிள்ளையைக் காடு மேடெல்லாம் ஓட விடலாமா?" என்று உறவினர் சிலர் கேட்டார்கள். அக்கறையால் எழுந்த கேள்வி அது. அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. முகாமில் மாணவியருக்குத் தனித் தங்குமிடமும் பெண் பொறுப்பாளரும் உண்டா, ஒழுங்கும் பாதுகாப்பும் எப்படி என்பதை விசாரித்த பிறகே நாங்கள் அனுப்பினோம். விசாரிப்பது பெற்றோரின் உரிமை. விசாரிக்காமலேயே மறுப்பதால் பிள்ளைக்கு இழப்பு. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி அவர்களை எண்ணிப் பாருங்கள். கணிதம் படித்த விவசாயி ஒருவரின் மகள் அவர்; நம் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பயின்றவர். 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓரிடத்திற்கு அதனைக் கொண்டு சேர்க்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். அவரையும் ஒரு தந்தை நம்பிப் படிக்க அனுப்பியிருக்கிறார்.

"கைப்பேசியே வழி காட்டும்போது இந்தக் கல்வி எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறந்துவிட முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. மின்சாரம் நின்றது, பல இடங்களில் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போனது. அந்த நேரத்தில் எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம், முதியவர்களை எந்த வழியாக அழைத்துச் செல்வது என்பதை அறிந்தவரே பிறருக்கு உதவ முடிந்தது.

ஆகவே நிர்வாகக் குழுவினரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவதாக, நம் நூலகத்திற்கு இப்பகுதியின் நில அளவை வரைபடங்களும் சில திசைகாட்டிகளும் வாங்கித் தாருங்கள். இரண்டாவதாக, கோடை விடுமுறையில், பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கொண்டு, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியே வரைபடம் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். மூன்றாவதாக, அப்பிள்ளைகளைக் கொண்டே நம் மஹல்லாவின் மேடு பள்ளங்கள், வாய்க்கால்கள், தனியாக வாழும் முதியோர் உள்ள தெருக்கள் ஆகியவற்றைக் காட்டும் வரைபடம் ஒன்றை உருவாக்கி, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் அலுவலகச் சுவரில் மாட்டுங்கள். எனக்குப் பரிசாக ஏதேனும் தர நினைத்தால், அதையே தாருங்கள்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் என்றேனும் ஒரு நாள் நம் கண் பார்வைக்கு அப்பால் செல்லத்தான் போகிறார்கள். அதற்கு முன் வழி அறியும் அறிவையும், வழி தவறினால் நேர்மையாகத் திரும்பி வரும் துணிவையும் அவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். வல்ல இறைவன் நம் மக்கள் அனைவரையும் நேர்வழியில் நடத்துவானாக. ஆமீன்.