பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது?



பஸ் நிலையத்தில் நின்று மேலே பாருங்கள். தூணில் ஒரு கேமரா இருக்கும். வங்கியில் இருக்கும். நகைக் கடையில் இருக்கும். தொழிற்சாலை வாசலில் இருக்கும். அது எல்லோரையும் பார்க்கிறது. அதைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

"அதெல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம்" என்று பலர் சொல்வார்கள். அது சரியா? கேமராவை ஏணியில் ஏறி மாட்டுபவர் யார்? தொழிலாளி. இரவெல்லாம் காவல் காப்பவர் யார்? தொழிலாளி. பொருள் காணாமல் போனால் முதலில் பழி யார் மேல் விழும்? அதுவும் தொழிலாளி மேல்தான். அப்படியானால் அந்தச் சொற்கள் தொழிலாளிக்குத் தெரிய வேண்டாமா?

கிடங்குக் காவலாளி

மும்பைக்குப் பக்கத்தில் பிவண்டி என்று ஓர் ஊர். விசைத்தறிக்கும் கிடங்குகளுக்கும் பேர் போன ஊர். அங்கே ஒரு துணிக் கிடங்கில் ஒருவர் இரவுக் காவல் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு தனி ஆளின் கதை அல்ல. இப்படிப் பலருக்கு நேரக்கூடும்.

கிடங்கில் 4 கேமரா. ஒரு மழை இரவில் கரண்ட் போய்த் திரும்ப வந்தது. ஒரு கேமரா மட்டும் எரியவில்லை. அதன் அடாப்டர் கெட்டுவிட்டது. அலமாரியில் பழைய அடாப்டர் ஒன்று கிடந்தது. காவலாளி அதை எடுத்தார். பின் சரியாகப் பொருந்தியது. சொருகினார். சிறிது நேரத்தில் புகை வந்தது. கேமரா போயிற்று. சம்பளத்தில் பணம் பிடித்தார்கள்.

அவர் செய்த தவறு என்ன? பின் பொருந்துகிறதா என்று பார்த்தார். எழுத்தைப் பார்க்கவில்லை. கேமராவுக்கு வேண்டியது 12 வோல்ட். அந்த அடாப்டர் கொடுத்தது 24 வோல்ட்.

அடாப்டரில் நான்கு செய்தி

அடாப்டரின் மேல் சின்ன எழுத்தில் நான்கு செய்தி இருக்கும்.

முதல் செய்தி, இன்புட். உள்ளே வரும் மின்சாரம் என்று பொருள். நம் நாட்டில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இது ஏசி மின்சாரம். வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் மாறி ஓடும். இதன் அடையாளம் ஒரு சிறு அலைக்கோடு.

இரண்டாவது, அவுட்புட். வெளியே போகும் மின்சாரம். கேமராவுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் டிசி வேண்டும். டிசி ஒரே திசையில் ஓடும். இதன் அடையாளம் ஒரு நேர்க்கோடு, அதன் கீழே மூன்று துண்டுக் கோடு.

மூன்றாவது, ஆம்பியர். தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகத் தண்ணீர் தள்ளும். வோல்ட் அந்தத் தள்ளும் வேகம் போல. குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? ஆம்பியர் அந்த அளவு போல. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் 12 வாட்.

நான்காவது, கூட்டல் குறியும் கழித்தல் குறியும். பின்னின் நடுவில் எது, வெளியே எது என்று சிறு வட்டப் படம் போட்டிருப்பார்கள். மாற்றிப் போட்டால் கருவி கெடும்.

இப்போது விதியைச் சொல்லலாம். வோல்ட் சரியாக ஒத்திருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆம்பியர் கருவிக்கு வேண்டிய அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். குறையக் கூடாது. குறைந்தால் அடாப்டர் சூடேறும். இரவில் கேமராவின் சிவப்பு விளக்குகள் எரியும்போது கூடுதல் மின்சாரம் இழுக்கும். பகலில் நன்றாக ஓடிய கேமரா இரவில் அணைந்தால், முதலில் அடாப்டரின் ஆம்பியரைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. 12 வோல்ட் பக்கம் ஆபத்து குறைவு. 230 வோல்ட் பக்கம் உயிரைக் குடிக்கும். ஈரக் கையோடு தொடாதீர்கள். மூன்று முள் பிளக்கில் பெரிய முள் எர்த் முள். அதை ஒடித்துவிட்டுச் சொருகுவது மிகவும் தவறு.

ஒரு வயரில் இரண்டு வேலை

பழைய வகைக் கேமராவுக்கு இரண்டு வயர் போகும். படம் வர ஒரு வயர், மின்சாரம் போக ஒரு வயர். அந்தப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டிக்கு டிவிஆர் என்று பெயர்.

புதிய வகைக்கு ஐபி கேமரா என்று பெயர். கம்ப்யூட்டர்களை இணைக்கும் லேன் வயரில் இது ஓடும். இதன் பதிவுப் பெட்டி என்விஆர். அந்த ஒரே வயரில் படமும் வரும், மின்சாரமும் போகும். இந்த முறைக்கு பிஓஇ என்று பெயர். இதன் முதல் தர விதி 2003இல் வந்தது. ஒரு இணைப்பில் 15.4 வாட் வரை அனுப்பலாம். 2009இல் வந்த விதியில் அது 30 வாட் ஆனது. வயரின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் படம் விட்டு விட்டு வரும்.

ஐபி என்ற சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. வலைப்பின்னலில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் இருக்கும். வீட்டுக்குக் கதவு எண் போல. அது ஐபி முகவரி. ஒரே வலைப்பின்னலில் இரண்டு கருவிக்கு ஒரே எண் இருந்தால் தகராறுதான். கேமராவின் பெட்டியில் ஐபி 66 என்றும் எழுதியிருக்கும். அது முகவரி அல்ல. முதல் 6 என்றால் தூசி உள்ளே போகாது. இரண்டாவது 6 என்றால் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரும் உள்ளே போகாது. வெளியே மாட்டும் கேமராவுக்கு இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பதிவு எத்தனை நாள் இருக்கும்?

மீண்டும் நம் காவலாளியிடம் வருவோம். கேமரா எரிந்த பிறகு அவர் மாலையில் எழுத்தறிவு மையத்துக்குப் போனார். எண்களையும் எழுத்துக்களையும் கற்றார். பதிவுப் பெட்டியின் மேல் இருந்ததையும் ஒரு நாள் படித்தார். 1 டிபி என்று இருந்தது. ஒரு டெரா பைட். அதாவது 1000 ஜிபி.

பதிவுப் பெட்டியின் அமைப்பில் ஒவ்வொரு கேமராவுக்கும் 2 எம்பிபிஎஸ் என்று வைத்திருந்தார்கள். இது வினாடிக்கு எவ்வளவு படச் செய்தி சேர்கிறது என்ற கணக்கு. இந்த வேகத்தில் ஒரு கேமரா ஒரு நாளில் 21.6 ஜிபி பிடிக்கும். 4 கேமராவுக்கு 86.4 ஜிபி. 1000ஐ 86.4ஆல் வகுத்தால் என்ன வரும்? சுமார் பதினொன்றரை நாள்.

அதற்குப் பிறகு என்ன ஆகும்? பழைய படத்தை அழித்து அதன் மேல் புதிய படம் பதியும். சிலேட்டில் அழித்து எழுதுவது போல. இதற்கு ஓவர்ரைட் என்று பெயர்.

ஒரு மாதம் 22ஆம் தேதி மேலாளர் கூப்பிட்டார். "14ஆம் தேதி ராத்திரி ஒரு துணிக் கட்டு காணவில்லை. உங்கள் காவலில்தான் போயிருக்கிறது. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கலாம்" என்றார்.

முன்பாக இருந்தால் காவலாளி தலை குனிந்து நின்றிருப்பார். இப்போது அப்படி நிற்கவில்லை. "ஐயா, மாதக் கடைசி வரைக்கும் அந்தப் படம் இருக்காது. 25, 26 தேதியில் அழிந்துபோகும். இன்றைக்கே பென் டிரைவில் எடுத்து வையுங்கள்" என்றார்.

மேலாளர் வியந்து போனார். படத்தை எடுத்துப் பார்த்தார்கள். முதலில் மூலையில் உள்ள தேதியையும் நேரத்தையும் சரிபார்த்தார்கள். பெட்டியின் கடிகாரம் தவறாக இருந்தால் பதிவும் தவறாகப் பேசும் அல்லவா? இரவில் யாரும் வரவில்லை. மறுநாள் காலையில் வேறு சரக்கோடு சேர்ந்து அந்தக் கட்டு லாரியில் ஏறியிருந்தது. பழி நீங்கியது.

கரண்ட் போனால்?

கரண்ட் போனால் கேமராவும் குருடுதான். அதற்காகத்தான் யுபிஎஸ். அதன் உள்ளே உள்ள பேட்டரியில் 12 வோல்ட், 7 ஏஎச் என்று இருந்தால், இரண்டையும் பெருக்குங்கள். 84 வரும். 4 கேமராவும் பதிவுப் பெட்டியும் சேர்ந்து 40 வாட் இழுத்தால், கணக்குப்படி 2 மணி நேரம். நடைமுறையில் அவ்வளவு வராது. மின்சாரம் மாறும்போது கொஞ்சம் வீணாகும். பேட்டரி பழசாக ஆக நேரம் இன்னும் குறையும்.

பூட்டும் சாவியும்

பாஸ்வேர்டு என்பது கேமராவின் பூட்டு. கம்பெனியிலிருந்து வரும்போது பல கருவிகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாஸ்வேர்டு இருக்கும். அதை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? 2016இல் மிராய் என்ற கெட்ட நிரல், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகம் முழுவதும் கைப்பற்றியது. அவற்றை வைத்தே பெரிய இணையத் தளங்களை முடக்கினார்கள். ஆகவே கருவியை மாட்டிய அன்றே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள்.

சட்டமும் இந்தச் சொற்களும்

2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. நாட்டில் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும். இரவிலும் படம் தெரிய வேண்டும். ஒலியும் பதிய வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. கரண்ட் இல்லாத இடத்தில் சூரிய ஒளி மின்சாரமாவது கொடுக்க வேண்டும். காவல் நிலையத்தில் அடிபட்டவர் சாட்சி இல்லாமல் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இது.

பார்த்தீர்களா? பதிவு, நாள் கணக்கு, மின்சாரம். கிடங்கில் காவலாளியைக் காப்பாற்றிய அதே சொற்கள்தான் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவிலும் இருக்கின்றன.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். செல்போன் சார்ஜரைக் கையில் எடுங்கள். இன்புட் எங்கே, அவுட்புட் எங்கே என்று தேடுங்கள். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று நோட்டில் எழுதுங்கள். நாளை மையத்துக்கு வரும்போது அதைப் படித்துக் காட்டுங்கள். வேலை செய்யும் இடத்தில் கேமரா இருந்தால், பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டு வாருங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.